சலுகையாக ஒரு பால் பம்ப்

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பார்சல் வந்தது. குழந்தையின் அப்பா கர்ட் அதைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையோ என்று ஒரு தரம் குலுக்கினான். பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் புனல், கட்டைவிரல் பருமனில் ஒரு கைப்பிடி, சின்ன பாட்டில். கூடவே பளபளவென்று ஒரு தாள். அதில் முடியெல்லாம் கலையாத ஒரு தாய், பால் கொடுப்பது ஏதோ பல் விளக்குவதைப் போல லேசான காரியம் என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கர்ட் கைப்பிடியை இரண்டு தடவை அழுத்தினான். க்ரீச், க்ரீச் என்றது.

"மீன் தொட்டியில தண்ணி மாத்தறதுக்கு எங்கப்பா இப்படி ஒண்ணு வெச்சிருந்தாரு" என்றான்.

"அது வேலை செஞ்சுதா?" என்றாள் கெண்ட்ரா.

"மீன் செத்துப்போச்சு."

கெண்ட்ரா வோய்ச்சிக் ஏரிக்கரையில் இருக்கும் ஈரி நகரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏரியிலிருந்து பனி கொட்டும் ஜனவரியில், முப்பத்தொரு வாரத்திலேயே ரத்த அழுத்தம் எகிறி, அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். மூன்று பவுண்டு கூடத் தேறாத பையன். ஓடிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தான். அவளை நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினைந்தாம் நாள் அவள் மறுபடி பேருந்து ஓட்டப் போனாள். தையல் ஆறிவிட்டதென்று அல்ல. இருக்கிற விடுப்பையெல்லாம் இப்போதே தின்றுவிட்டால், பையன் வீட்டுக்கு வரும்போது கூட இருக்க ஒரு நாளும் மிஞ்சாது. அவள் ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்ஸ் ஐரீன் அந்தக் கைப்பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தபோது முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

"இது ஊருக்குக் கீருக்குப் போறப்ப ஒரு வேளைக்குத் தாங்கும்மா. உனக்கு ஒரு நாளைக்கு எட்டு வேளை வேணும். பையன் வாய் வெச்சு இழுக்கறதில்ல. இழுக்கற வேலையை மிஷின்தான் பண்ணணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்கற பெரிய மிஷின். இல்லேன்னா இருக்கறதும் வத்திடும்."

"அதை இன்சூரன்ஸ் தருமா?"

"தரணும்" என்றாள் ஐரீன். தருவார்கள் என்று அவள் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் கெண்ட்ராவுக்கு அன்று உறைக்கவில்லை.

காலை ஓட்டம் முடிந்து மாலை ஓட்டம் தொடங்குவதற்குள் நாலு மணி நேர இடைவெளி. பேருந்தைப் பணிமனையின் பின்பக்கம் நிறுத்திவிட்டு, கடைசி இருக்கையில் கோட்டைத் தோள்மேல் போர்த்திக்கொண்டு ஒரு கையால் க்ரீச் க்ரீச் என்று அழுத்திக்கொண்டே மறுகையால் கம்பெனிக்குப் போன் போட்டாள். இருபது நிமிடம் பியானோ கேட்டபிறகு ஷானன் என்றொரு பெண் வந்தாள். குரல் தேன்.

"உங்க பிளான்ல ஒரு பிரசவத்துக்கு ஒரு பம்ப் மேடம். அது உங்களுக்கு வந்து சேந்தாச்சே."

"வந்த சாமான் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியிலேயே சொல்றாங்க. குழந்தை குறைமாசம்."

"புரியுது மேடம். குழந்தை நேரடியா குடிக்க முயற்சி பண்ணிச்சா?"

"குழந்தை பொட்டிக்குள்ள இருக்கான். மூக்கு வழியா குழாய்ல போகுது."

"அப்போ 'முயற்சி செய்யவில்லை'ன்னு போட்டுக்கறேன் மேடம்."

கெண்ட்ரா அழுத்துவதை நிறுத்தினாள். "நீங்க போட்டுக்கறதப் பாத்தா, என் பையன் சோம்பேறின்னு நினைப்பாங்க."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல மேடம்" என்றாள் ஷானன், நிஜமாகவே ஆறுதலாக.

டாக்டர் கடிதம் வேண்டுமென்றார்கள். குழந்தையின் டாக்டர் அன்றே எழுதிக் கொடுத்தார். அவர் கெண்ட்ராவின் டாக்டர் இல்லை, பம்ப் கெண்ட்ராவின் உடம்புக்கு, ஆகவே செல்லாது என்று நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. சரியென்று அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் வாங்கி அனுப்பினாள். தாய்க்கு உடல்நலக் குறைவு ஒன்றுமில்லை, தேவை குழந்தையுடையது, ஆகவே குழந்தையின் டாக்டரே எழுத வேண்டும் என்று அதற்குப் பதில். இரண்டு கடிதத்தின் அடியிலும் ஒரே கையெழுத்து. எழுதிய ஆள் ஒருவனே, முதலில் எழுதியதை இரண்டாவது எழுதும்போது மறந்திருக்கிறான், அல்லது மறக்கவில்லை. எது மோசம் என்று கெண்ட்ராவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

கர்ட் பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் வேலை செய்கிறவன். எதையும் நேராகப் போய் முடித்துவிடலாம் என்று நினைக்கும் சுபாவம். மருத்துவச் சாமான் வாடகைக்கு விடும் கடைக்குப் பணத்தோடு போனான். சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு கடைதான். மிஷின் அலமாரியில் கண்ணெதிரே இருந்தது. மூன்று மிஷின்கள், உறைகூடப் பிரிக்காமல்.

கடைக்காரர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க கேஸ் பரிசீலனையில இருக்கு. பரிசீலனையில இருக்கறப்ப நான் உங்ககிட்ட காசு வாங்கினா கம்பெனி என் ஒப்பந்தத்தையே கிழிச்சிடும்."

"அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா?"

"அப்போ வாங்கலாம். ஆனா முடியாதுன்னு இன்னும் சொல்லல. 'தற்போதைக்கு இயலாது'ன்னு சொல்லியிருக்காங்க. அது வேற."

கர்ட் வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தான். அவன் அக்கா பெர்னடெட் அடுக்களையில் கெண்ட்ராவுக்காக மாவுக்குள் இறைச்சி வைத்த பெப்பரோனி உருண்டைகளைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், நாக்கில் நயம் பார்க்காதவள்.

"உனக்குக் கைகால் விளங்குது, மிஷின் எதிர்ல இருக்கு, தூக்கிட்டு ஓடி வரத் தெரியல" என்றாள் தம்பியிடம். பிறகு கெண்ட்ராவைப் பார்த்து, "பேசாம பவுடர் பால் குடுத்துட்டுப் போயேன்டி. என் மூணும் அதைக் குடிச்சுத்தான் தடிமாடா நிக்குது."

"உன் மூணும் ஒம்பது பவுண்டுல பொறந்தது. இவனுக்குக் குடல் இன்னும் கெட்டியாகல. இப்போதைக்குத் தாய்ப்பால்தான் பாதுகாப்புன்னு ஐரீன் சொல்றா."

பெர்னடெட் உருண்டைகளைத் தட்டில் வைத்து நகர்த்தினாள். சாயங்காலம் போகும்போது தன் பழைய பம்ப்பைக் காரிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. குழாய்க்குள் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். "சரி, எடுத்துட்டுப் போறேன்" என்று பெர்னடெட்டே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மேல்முறையீடு செய்ததற்குப் பலனாக, கம்பெனியின் டாக்டர் ஒருவரே போனில் பேசுவார் என்றார்கள். குறித்த நாளில், பேருந்தின் கடைசி இருக்கையில், கண்ணாடியெல்லாம் பனி அப்பியிருக்க, அந்த அழைப்பு வந்தது. டாக்டர் வில்லார்ட் என்றார். வயதான, அவசரப்படுகிற குரல்.

"கைப்பம்ப் உங்களுக்குப் பலன் தரலன்னு சொல்றீங்க."

"காலையில நாப்பது நிமிஷம் அழுத்தினேன். பாட்டில் அடி நனைஞ்சுது. ஆஸ்பத்திரி மிஷின்ல கால் மணியில ரெண்டு பாட்டில் வருது. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போக முடியுது."

"அழுத்தற முறையில கோளாறு இருக்கலாம்."

"டாக்டர், நீங்க எதுக்கு டாக்டர்?"

"எலும்பு."

"எந்த எலும்பு?"

"பெரும்பாலும் முழங்கால்."

"எனக்கு அங்க பால் சுரக்கல டாக்டர்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முடிவு கடிதத்தில் வரும் என்றார். வந்தது. கைப்பம்பைக் கொண்டு போதிய முயற்சி செய்யப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது கடிதம். முடியாது என்று இப்போதும் சொல்லவில்லை. 'சான்று கிடைக்கும் வரை தற்போதைக்கு இயலாது.'

கெண்ட்ரா அதைப் பணிமனையில் மரிசோலிடம் காட்டினாள். மரிசோல் பதினாலாம் தடத்தில் ஓட்டுகிறவள், ஐந்து மாதக் கர்ப்பம், ஸ்டியரிங்கில் வயிறு இப்போதுதான் தட்டத் தொடங்கியிருந்தது.

"போதிய முயற்சின்னா எவ்வளவாம்?" என்றாள் மரிசோல்.

"போடல."

"சான்றுன்னா? போட்டோ எடுத்து அனுப்பவா சொல்றாங்க, வெக்கங்கெட்டவங்க."

கெண்ட்ரா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டம். ஊழியர் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தம் புதுப்பிப்பு. கம்பெனிப் பிரதிநிதி வருகிறார். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

"நேர்லயே காட்டறேன்" என்றாள்.

மரிசோலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நடுநிலைப் பள்ளி நூலகத்தில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக ஆறு பேர் வருவார்கள். பின்வரிசை முழுக்க ஓட்டுநர்கள், பனிக் காலணியோடு. பிரதிநிதியின் பெயர் பிரெஸ்டன் கேல். அழகான கழுத்துப்பட்டி, பல்வரிசை, திரையில் ஓடும் படங்கள். 'தாய்மையின் ஒவ்வொரு அடியிலும் உங்களோடு' என்று ஒரு படத்துக்குத் தலைப்பு. அதிலும் அதே தாய், அதே கலையாத முடி. அவளைக் கண்டதும் கெண்ட்ராவுக்குப் பழைய பகையாளியைப் பார்த்ததுபோல இருந்தது.

கெண்ட்ராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெர்னடெட் கொடுத்த பெரிய கம்பளிச் சால்வையைக் கழுத்திலிருந்து மடிவரை போர்த்தினாள். கைப்பையிலிருந்து பம்ப்பை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டிவிட்டு, சால்வைக்குள் கொண்டுபோனாள்.

"என் பேரு கெண்ட்ரா வோய்ச்சிக். ஏழாம் தடம். என் பையன் ஆஸ்பத்திரியில பொட்டிக்குள்ள இருக்கான். இது கம்பெனி எனக்கு அனுப்பினது. இதுல நான் போதிய முயற்சி பண்ணினதுக்குச் சான்று கேக்கறாங்க. எனக்கு மூணு நிமிஷம் இருக்கு."

பிறகு பேசவில்லை. க்ரீச், க்ரீச், க்ரீச். ஒலிவாங்கி அதை நன்றாகவே பிடித்துக்கொண்டது. நூலகம் முழுக்க, புத்தக அலமாரிக்குப் பின்னாலெல்லாம், எண்ணெய் போடாத கதவு போல அந்தச் சத்தம் போய் வந்தது. குழு உறுப்பினர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிரெஸ்டன் கேல் தன் ஷூ நுனியைப் பார்த்தார். கெண்ட்ராவின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. கோபத்தால் பாதி, பழகிப்போன வலியால் பாதி. ஒரு கட்டத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பின்வரிசையிலிருந்து யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவள் ஓடவில்லை.

குழுத் தலைவி லுவான் ஸ்டெஃபெக் வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கடம் என்றால் அவருக்குத் தும்மல் மாதிரி, அடக்க முடியாது. "மிஸஸ் வோய்ச்சிக், இதெல்லாம் அவசியந்தானா?" என்றார்.

"எது அவசியம்னு தீர்மானிக்கறது இவர் கம்பெனிங்க" என்று பிரெஸ்டன் கேலைத் தாடையால் காட்டினாள் கெண்ட்ரா. "இவரைக் கேளுங்க."

யாரும் அவரைக் கேட்கவில்லை. மணி அடித்தது. கெண்ட்ரா பாட்டிலை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடியில் ஒரு தேக்கரண்டி இருக்கும்.

"இதுதான் முயற்சி. ஒரு நாளைக்கு எட்டு தடவை. இருபத்திமூணு நாளா."

குழுவின் கோடியில் ஆல்வின் ரூட் என்ற கிழவர் உட்கார்ந்திருந்தார். நூறு கறவை மாடு வைத்திருப்பவர், கூட்டத்தில் பெரும்பாலும் தூங்குவார். அன்று அவர் கையை நீட்டிப் பம்ப்பை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி" என்றார் பிரெஸ்டன் கேலிடம், "இதை எடுத்துட்டு என் கொட்டகைக்குள்ள போனா மாடு என்னை ஒதைக்கும்."

மாட்டோடு ஒப்பிட்டது கெண்ட்ராவுக்கு ருசிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அவளிடம் பேசியவர்களில் விஷயம் தெரிந்து பேசியவர்கள் ஐரீனும் இந்தக் கிழவரும்தான். ஒப்பந்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பிரெஸ்டன் கேல் படங்களை மூடிவைத்துவிட்டு, அவளைத் தாண்டாமல் பின்கதவு வழியாகப் போனார்.

மறுநாள் காலை எட்டே காலுக்குக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. பியானோ இல்லை, காத்திருப்பு இல்லை. அதே கடையில், அதே அலமாரியிலிருந்து, அன்று மத்தியானமே கர்ட் மிஷினை எடுத்து வந்தான். கடைக்காரர் கதவுவரை வந்து தூக்கிவிட்டாராம்.

மூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'உறுப்பினரின் நலன் கருதி, ஒரு முறை மட்டும், சலுகையாக அனுமதிக்கப்படுகிறது.'

மிஷின் நல்ல மிஷின்தான். ஆனால் ஒரு மாதத்தில் வற்றியது எல்லாம் திரும்பி வரவில்லை. பாதி வந்தது. மீதிக்கு ஐரீன் வேறு தாய்மார் தானம் கொடுத்த பாலைக் கலந்தாள், பிறகு பவுடரும் சேர்ந்தது. ஓடிஸ் அதைப் பற்றிக் குறைசொல்லாமல் ஐந்தரைப் பவுண்டு ஆகி, மிஷின் வந்த மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தான். கெண்ட்ரா குறைசொன்னாள். அந்தப் பாதி எங்கே போயிற்று என்று, அவனுக்குப் புட்டி பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டாள்.

மேல்முறையீட்டை வாபஸ் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி ஒரு தாளும் வந்திருந்தது. அவள் போடவில்லை. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி டாக்டர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மறுபரிசீலனைக்கு மனு எழுதி, இரண்டு டாக்டர் கடிதம், அவற்றின் பதில்கள், முழங்கால் டாக்டரின் முடிவு எல்லாவற்றையும் இணைத்தாள்.

"அதான் கெடச்சிருச்சே" என்றான் கர்ட். "இன்னும் எதுக்கு மல்லுக்கட்டற?"

"சலுகைன்னு எழுதியிருக்கான் பாரு. சலுகைன்னா பிச்சை. எனக்குப் போட்டான், அடுத்தவ வந்தா போடமாட்டான். மரிசோல் வந்து கேட்டா, அது அந்த அம்மாவுக்கு ஒரு தடவை போனாப்போகுதுன்னு குடுத்ததுன்னு சொல்லுவான்."

கம்பெனியிலிருந்தும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பிரெஸ்டன் கேலே.

"மிஸஸ் வோய்ச்சிக், எங்களால ஆனதைப் பண்ணியிருக்கோம். பம்ப் உங்க வீட்லதான் இருக்கு. உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?"

"ஒரு வார்த்தையை மாத்தணும்."

"எதை?"

"சலுகையை."

"அது வெறும் வழக்கமான வாசகம்ங்க."

"வெறும் வாசகம்னா மாத்தறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பார்த்தாரோ என்னவோ, சொல்லவில்லை.

மறுபரிசீலனையின் முடிவு ஏப்ரலில் வந்தது, ஒரே பக்கம். எழுதியவர் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர், கெண்ட்ரா அவரை ஒருநாளும் கண்டதில்லை. கைப்பம்ப் மட்டுமே என்று திட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்றும், தாய்க்கு ஆகும் பம்ப்பைத் தருவது திட்டத்தின் கடமை என்றும், மறுத்தது தவறு என்றும் மூன்று வாக்கியத்தில் எழுதியிருந்தார். கெண்ட்ரா அதை இரண்டு முறை படித்தாள். சந்தோஷம் வருமென்று எதிர்பார்த்தாள். மூன்று வாக்கியத்தில் முடிகிற விஷயத்துக்கு மூன்று மாதம் தன்னை அலையவிட்டிருக்கிறார்களே என்று புதிதாக ஒரு கோபம்தான் வந்தது. ஆல்வின் ரூட் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் போய், அந்த இரண்டாவது வாக்கியம் ஒப்பந்தத்துக்குள் வராமல் தன் ஓட்டு விழாது என்று குழுவில் உட்கார்ந்துகொண்டார். அன்று அவர் தூங்கவே இல்லையாம். ஒப்பந்தத்தில் அது ஏறியது.

பள்ளி விடுமுறை விடும் வாரம், பணிமனை பெஞ்சில் மரிசோல் உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். பக்கத்தில் கெண்ட்ரா, தோளில் ஓடிஸ்.

"கைப்பம்ப் வேணாம்" என்றாள் மரிசோல் போனில். "எனக்கு மின்சார பம்ப் வேணும். ஒப்பந்தத்துல முப்பத்தாறாம் பக்கம் பாருங்க. பாத்துட்டே பேசுங்க, நான் இருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். பிறகு மரிசோல் தன் விலாசத்தைச் சொன்னாள், எழுத்தெழுத்தாக, இரண்டு தடவை. போனை வைத்தாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள வந்துருமாம். மன்னிச்சுக்கச் சொன்னா."

"எதுக்காம்?"

"காக்க வெச்சதுக்கு."

"எவ்வளவு நேரம் வெச்சா?"

"நாலு நிமிஷம்."

ஓடிஸ் கெண்ட்ராவின் சட்டைக் காலரை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அதை அவன் வாயிலிருந்து உருவிவிட்டு, அவனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.